ஐ.சி.க்கு இட்ட பொட்டு

அஞ்சலை கூப்பிட்டபோது நான் கம்பெனி வாசலில் நின்று ஐப்பசி மழையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, கொஞ்சம் உள்ள வந்து இதப் பாருங்க."

எங்கள் அசெம்பிளி மேஜையில் அஞ்சலைதான் மூத்தவள். பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கின் கீழே குனிந்து உட்கார்ந்து, விரல்நகம் அளவுள்ள ஐ.சி.யைப் போர்டில் வைத்துப் பற்றவைப்பாள். பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிர மாட்டாள். அவள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கூப்பிடுகிறாள் என்றால் விஷயம் பெரிது.

போய்க் குனிந்து பார்த்தேன். பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் முளைத்த கறுப்பு ஐ.சி. அதன் முதுகில், அச்சடித்த எழுத்துக்கு மேலே, லட்சணமாக ஒரு சந்தனப் பொட்டு. சந்தனத்தின் நடுவில் குங்குமம். ஈரக் காற்றில் குங்குமம் கசிந்து இறங்கி, ஒரு பக்கத்துக் கால்கள் எல்லாம் செம்பட்டை நிறமாகியிருந்தன. ஈயப் புகை வாசனைக்கு நடுவில் லேசாகச் சந்தனம் மணத்தது.

"யாரும்மா வெச்சது?"

"பாக்கெட்டுக்குள்ளயே இப்படித்தான் இருந்துச்சு. அடுத்த பாக்கெட்டயும் பிரிச்சுப் பாத்துட்டேன். எல்லாம் சுமங்கலியா உக்காந்திருக்குதுங்க."

மற்றப் பெண்கள் சிரிப்பை மறைக்கத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஐ.சி.யை உலகத்தில் இனிமேல் எவனும் செய்யப்போவதில்லை. மிச்சம் இருந்ததெல்லாம் என் குடோனில்தான் இருந்தது. அதுவும் என்னுடையது இல்லை. பட்டாளத்துச் சொத்து.

பனிமலையில் பேசுகிற போர்டு

தற்பெருமை பேசக் கூடாது என்று, நான் எழுதிவருகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் கடலூர் பஸ் ஸ்டாண்டில் வைத்தே என்னிடம் சொன்னார். சரி, வேறு யார் பேசுவார்கள் என்று கேட்டேன். என் பெருமை முழுவதும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். அப்படிப்பட்டவன் கம்பெனியில் செய்த போர்டுதான் ராணுவ வண்டிகளில் இருக்கிற ஒரு வகை வயர்லெஸ் செட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பனிமலையில் பேசுகிறது, பாலைவனத்தில் பேசுகிறது. நான் அந்தப் பக்கம் எல்லாம் போனதில்லை. என் போர்டு போயிருக்கிறது.

அந்த செட்டை முதலில் வடிவமைத்தபோது என் மகன் சரவணன் அரைக்கால் சட்டை போட்டிருந்தான். இப்போது அவன் மீசையில் நரை. செட் இன்னும் ஓய்வு பெறவில்லை. பட்டாளத்துச் சாமான் அப்படித்தான். வீட்டு டிவி மாதிரி பழசானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிவிட முடியாது. ஊர் ஊராக, முகாம் முகாமாக இருக்கும். எல்லாம் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும். ஒன்றை மாற்றினால் அத்தனையையும் மாற்ற வேண்டும்.

ஆனால் உள்ளே இருக்கிற ஐ.சி.யைச் செய்கிறவன் வெளிநாட்டு வியாபாரி. பட்டாளத்தின் ஆயுள் கணக்கு அவனுக்கு எதற்கு? கொஞ்ச வருடம் செய்வான். விற்பனை இறங்கினால் நிறுத்திவிடுவான். நிறுத்துவதற்கு முன்னால், வேண்டியவர்கள் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு தகவல் மட்டும் அனுப்புவான்.

எங்கள் ஐ.சி.க்கும் அந்தத் தகவல் வந்தது. ராணுவ அதிகாரிகள் சென்னையில் கூட்டம் போட்டார்கள். செட் இன்னும் எத்தனை காலம் ஓடும், எத்தனை ரிப்பேருக்கு வரும் என்று கணக்குப் போட்டு, மொத்தமாக வாங்கி வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். போர்டு செய்வதும் ரிப்பேர் பார்ப்பதும் நான்தான் என்பதால், அந்தச் சரக்கை என் குடோனிலேயே வைப்பது என்றும் முடிவானது.

நான் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தேன். "வாங்குங்க, வேணாங்கல. ஆனா அதோட விட்டுடாதீங்க. வருஷா வருஷம் கொஞ்சம் பணம் ஒதுக்கி, மாத்து போர்டு ஒண்ணு வரைய விடுங்க" என்றேன்.

மாற்று போர்டு என்றால் சூட்டில், குளிரில், குலுக்கலில் எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், அதற்குச் செலவு ஜாஸ்தி, இந்த வருடச் செலவுக் கணக்கில் அதற்கென்று ஒரு வரிகூட எழுதவில்லை, தேவைப்படும்போது பார்க்கலாம் என்றார்கள். தேவைப்படும்போது பார்க்கலாம் என்கிற வார்த்தையை நான் சின்ன வயதிலேயே கேட்டவன்.

தெற்கு வீதியில் நிறைந்த பரண்

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு ரேடியோக் கடையில்தான் நான் தொழில் கற்றேன். வால்வு ரேடியோ காலம் முடிந்துகொண்டிருந்த சமயம். ஆனாலும் வீட்டுக்கு வீடு பெரிய மரப்பெட்டி ரேடியோ இருந்தது. மார்கழியில் தேருக்கு வருகிற கிராமத்துக்காரர்கள், வந்ததோடு வந்ததாக ரேடியோவையும் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து கடையில் போட்டுவிட்டுப் போவார்கள்.

வால்வு இனிமேல் வராது என்று பேச்சு வந்ததும் எங்கள் முதலாளி மெட்ராஸுக்குப் போய், கிடைத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து பரண் முழுக்க அடுக்கினார். என் ஆயுசுக்குக் கவலை இல்லை, மற்றதைத் தேவைப்படும்போது பார்க்கலாம் என்று எல்லோரிடமும் சொன்னார்.

நடந்தது என்ன? எந்த வால்வு அடிக்கடி போகும் என்று நினைத்து நிறைய வாங்கினாரோ அது கல்லு மாதிரி இருந்தது. கரண்டை மாற்றிக் கொடுக்கிற வால்வு ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம்தான் வாங்கியிருந்தார். அந்தச் சமயம் பார்த்து மின்சாரம் ஏறி இறங்கி, வீட்டுக்கு வீடு அதுதான் போனது. பரண் நிறைய வால்வு. கடை நிறைய ஊமை ரேடியோ.

நான் ஒரு காரியம் செய்தேன். செத்துப்போன வால்வின் அடிப்பாகத்தை மட்டும் கழற்றி, அதற்குள் இரண்டு டயோடும் ஒரு ரெசிஸ்டரும் வைத்துப் பற்றவைத்தேன். அதே ஓட்டையில் போய் உட்கார்ந்தது. ரேடியோ பாடியது. கீழ வீதி மளிகைக்காரர் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, இதுல மட்டும் வெளக்கு எரியலயே" என்று சந்தேகப்பட்டார். எரியாமலே பாடுகிற வால்வு, காசுக்கு மேல் வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

முதலாளி என்னைப் பாராட்டவில்லை. பரணில் இருக்கிற சரக்கு விற்காமல் போய்விடும் என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தில்தான் நான் வெளியே வந்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைக் செட் ரிப்பேர் கடை போட்டேன். மைதானத்தில் எந்தக் கட்சிக் கூட்டம் நடந்தாலும் ஆம்ப்ளிஃபையர் என் கையால் தொட்டதாக இருக்கும். கட்சிக்காரர்கள் மாறுவார்கள். என் ஆம்ப்ளிஃபையர் மாறாது. அந்தக் கதையை விரிவாக எழுதியாகிவிட்டது. திரும்பக் குடோனுக்கு வருவோம்.

பொருளுக்கா, பொட்டலத்துக்கா

ஸ்டோர் பொறுப்பு என் மனைவியின் தம்பி கலியபெருமாள் கையில். என்னை மாமா என்பான், நான் அவனை மச்சான் என்பேன். ஒரு ஸ்க்ரூ குறைந்தாலும் சோறு இறங்காத ஆள். நம்பிக்கையான ஆள் என்பதால்தான் பட்டாளத்துச் சரக்கு அறையை அவனிடம் விட்டேன்.

அந்த ஐ.சி. எல்லாம் வெள்ளிநிறப் பாக்கெட்டில் வந்தவை. காற்றை உறிஞ்சி எடுத்து ஒட்டியிருப்பார்கள். உள்ளே ஈரத்தை இழுக்கிற சின்னப் பை ஒன்று இருக்கும். பிரித்தால் அன்றைக்கே வேலையை முடிக்க வேண்டும். கடலூரில் கடற்காற்று. ஐ.சி. ஈரத்தைக் குடித்துவிடும். பற்றவைக்கிற சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி உள்ளே விரிசல் விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பனிமலையில் ஒருவன் பேசிக்கொண்டிருக்கும்போது செட் பாதியில் நின்றுவிடும்.

இப்போது எங்கள் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலூர் தொழிற்பேட்டையில் என் கம்பெனி பூஜை மாதிரி எவனும் செய்வதில்லை. ஸ்க்ரூ டிரைவர் முதல் ஜெனரேட்டர் வரை கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தாக வேண்டும். பொட்டில்லாத சாமான் என் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது. இது என் சட்டம்.

முந்தின வருடம் கலியபெருமாள் சரக்கு அறையில் பீரோக் கதவுக்கு மட்டும் பொட்டு வைத்திருந்தான். நான் எல்லோர் முன்னாலும், "மச்சான், பீரோவுக்குப் பொட்டு வெச்சா சாமி பீரோவத்தான் காப்பாத்தும். பொட்டு பொருளுக்கா, பொட்டலத்துக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு மனதில் வைத்துக்கொண்டான்.

இந்த வருடம் பூஜைக்கு முந்தின நாள் முழுக்க அறைக்குள் உட்கார்ந்து, பாக்கெட்டைப் பிளேடால் வெட்டி, ஒவ்வொரு ஐ.சி.க்கும் தீக்குச்சி முனையால் சந்தனம் இட்டுக் குங்குமம் வைத்து, திரும்ப உள்ளே போட்டு, செல்லோ டேப் ஒட்டி அடுக்கிவிட்டான். அன்றைக்கு அவன் விரதம் வேறு.

நான் கேட்டதும் ஒளிக்காமல் சொன்னான். "நீங்க சொன்னதத்தான் மாமா செஞ்சேன். பேசறதே இந்த ஐ.சி.யாலதான்னு சொல்லுவீங்களே. அதான் ஒண்ணு விடாம வெச்சேன்."

"எல்லாத் தட்டுலயுமா?"

"மேல் தட்டு மட்டும் வெக்கல. முட்டி வலி, ஏணி ஏற முடியல. மன்னிச்சிக்குங்க மாமா."

"அடேய், உன் முட்டிக்குத்தான்டா சூடம் கொளுத்தணும்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரிந்தபோது அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சிதம்பரம் போகிற வழியில்

மழை விட்டதும் சென்னையிலிருந்து அதிகாரி ஒருவர் அந்தச் சரக்கை ஆய்வு செய்ய வருவதாகத் தகவல் வந்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் உறவுக்காரக் கல்யாணம். சரவணன்தான் கார் ஓட்டினான். கம்பெனியில் வைத்துப் பேச முடியாததை அந்தக் காரில் பேசினான்.

புவனகிரி வழியில் இரண்டு பக்கமும் வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாமல் தண்ணீர். கொக்கு மட்டும் வரப்பைக் கண்டுபிடித்து நின்றது.

"நம்ம ரோட்டுல முட்டி அளவு தண்ணி நின்னத ஊரே பாத்துச்சுப்பா. குடோனுக்குள்ளயும் வந்துடுச்சுன்னு சொல்லிடலாம். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. இன்சூரன்ஸும் கிடைக்கும்."

"என் குடோனுக்குள்ள தண்ணியா?"

"ஒரு வார்த்தைதானப்பா."

சரவணன் என்ஜினீயர். மாற்று போர்டு என்று நான் கூட்டத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். யாரும் காசு தராவிட்டாலும் வருடக்கணக்காக உட்கார்ந்து அதை வரைந்தவன் அவன். பழைய போர்டு இருந்த இடத்தில் அப்படியே பொருந்துகிற, இப்போது கடையில் கிடைக்கிற ஐ.சி.யால் ஓடுகிற போர்டு. ஆனால் ராணுவத்துக்குச் சரக்குக் கொடுக்க அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஒப்படைத்த பொருளைப் பூஜை செய்து கெடுத்தான் என்று எழுதினால் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் புதிய போர்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அசெம்பிளியில் இருக்கிற அத்தனை பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

"உங்க வீம்புக்கு என் போர்டு பலியாகணுமா?" என்று கேட்டான். சத்தம் போடவில்லை. அதுதான் சுருக்கென்று இருந்தது.

கல்யாணப் பந்தியில் கத்திரிக்காய் கொத்சு பிரமாதம். சிதம்பரத்துக் கொத்சை நான் இரண்டு முறை கேட்டு வாங்காமல் எழுந்தது அன்றைக்குத்தான். உறவுக்காரர்களோடு முந்தின நாளே வந்துவிட்ட என் மனைவி எதிர் வரிசையில் இருந்து என்னையே பார்த்தாள். அவளுக்குத் தம்பி பெயர் வெளியே வரக் கூடாது. மகனுக்குப் பட்டியலில் பெயர் போகக் கூடாது. தண்ணீர் வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

என்னால் முடியாது என்று திரும்பி வரும்போது சொல்லிவிட்டேன். காரணமும் சொன்னேன்.

அந்தக் குடோன் கட்டும்போது அஸ்திவாரத்தை நான் ஏற்றிய உயரத்தைப் பார்த்து, கோயிலா கட்டுகிறீர்கள் என்று மேஸ்திரி கேட்டார். கடலூர் மிதந்த வருடங்களில் அக்கம்பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் தங்கள் மோட்டாரையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு என் குடோனுக்குத்தான் ஓடி வந்தார்கள். அந்தக் குடோனில் தண்ணீர் நுழைந்தது என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். இது வீம்பு என்றால் வீம்புதான்.

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் வந்தது என்று எழுதினால் அதிகாரிகள் என்ன செய்வார்கள்? அதே ஐ.சி.யைத் திரும்பத் தேடுவார்கள். இனி அது கள்ளச் சந்தையில்தான் கிடைக்கும். குப்பைக்குப் போன போர்டிலிருந்து பிடுங்கி, முதுகைத் தேய்த்து, புது எழுத்து அச்சடித்து விற்பார்கள். அதை வாங்கி இன்னும் உயரமான குடோனில் வைப்பார்கள். காரணத்தைத் தப்பாக எழுதினால் அடுத்த திட்டமும் தப்பாகத்தான் வரும்.

கடலூர் வரை கார் வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அதை நிறுத்த இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அதிகாரி அம்மா கேட்ட கேள்வி

ஆய்வுக்கு வந்தது ஒரு பெண் அதிகாரி. மதுரைப் பக்கத்துப் பேச்சு. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகச் சரக்கு அறைக்குப் போனார். செல்லோ டேப்பைப் பார்த்ததும் நின்றார். ஒரு பாக்கெட்டைப் பிரித்தார். உள்ளே ஈரம் காட்டுகிற அட்டை ஒன்று இருக்கும். நீலமாக இருக்க வேண்டும். ரோஜா நிறத்தில் இருந்தது. இன்னொன்று பிரித்தார். அதுவும் ரோஜா.

"மழைத் தண்ணி ஏதும் உள்ள வந்துச்சா சார்?"

கேள்வியை அவரே அப்படிக் கேட்டார். கதவை அவரே திறந்து வைத்த மாதிரி இருந்தது. ஆமாம் என்றால் முடிந்தது. சரவணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கலியபெருமாள் பீரோவோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

"இந்தக் குடோனுக்குள்ள தண்ணி வந்ததில்ல மேடம். வரவும் வராது" என்றேன். "பொட்டு வெச்சோம்."

"என்ன வெச்சீங்க?"

"ஆயுத பூஜைக்கு ஐ.சி.க்குப் பொட்டு வெச்சோம். பாக்கெட்டப் பிரிச்சுதான் வெச்சோம். வெளிய வெச்சாப் பத்தாதுன்னு சொன்னது நான்."

அவர் ஒரு ஐ.சி.யைச் சாமணத்தால் கவ்வி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யார் வெச்சது?"

கலியபெருமாள் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். "கம்பெனி வெச்சது மேடம். என் கம்பெனி."

"கை சுத்தமாத்தான் வெச்சிருக்காங்க" என்றார். சிரிக்கவில்லை. "இதை நான் எப்படி எழுதுறது?"

"நடந்தபடி எழுதுங்க. சந்தனம் குங்குமம்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

அடுப்பில் வைத்துச் சூடேற்றி ஈரத்தை எடுக்கலாமே என்று சரவணன் மெதுவாகக் கேட்டான். ஈரம் போகும், காலில் ஏறிய சந்தனமும் குங்குமமும் என்ன செய்யும், அதற்கு யார் பொறுப்பேற்பது என்று அவர் கேட்டார். வண்டியில் போகிற செட்டுக்கு ஒன்றைக்கூட விட மாட்டேன் என்றார். அது நியாயம். நானாக இருந்தாலும் விட மாட்டேன்.

மேல் தட்டை ஏணி போட்டு இறக்கினோம். அத்தனை பாக்கெட்டும் ஒட்டியது ஒட்டியபடி. சோதிக்க அவர் பிரித்த ஒரே பாக்கெட்டில் அட்டை நல்ல நீலம். மச்சான் முட்டி வலி காப்பாற்றிய சரக்கு. கொஞ்ச காலத்துக்கு வரும், அதற்கு மேல் வராது.

நான் அப்போதுதான் ஆரம்பித்தேன். கூட்டத்தில் அன்றைக்கே சொன்னேன், கேட்டீர்களா, ஒரு அறையில் அடைத்து வைப்பதற்குப் பெயர் திட்டமா, தீக்குச்சி முனையில் போகிற திட்டம் ஒரு திட்டமா என்று பொரிந்து தள்ளினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி போட்டார்.

"எல்லாத்தையும் ஒரே ரூம்ல வாங்கி வெச்சுக்கிட்டது நீங்கதான சார்? ரெண்டு ஊர்ல பிரிச்சு வைங்கன்னு அன்னைக்கு ஏன் கேக்கல?"

நல்ல கேள்வி. பட்டாளமே நம்பி ஒப்படைக்கிறது என்ற குஷியில் அது எனக்குத் தோன்றவில்லை.

"கேக்கல. இப்ப கேக்கறேன்" என்றேன்.

மேஜை மேல் வைத்த பதில்

சரவணனைப் பார்த்து, போய் எடுத்துக்கொண்டு வா என்றேன். தயங்கினான். பட்டியலில் பெயர் இருக்குமா இல்லையா என்றே தெரியாத நேரத்தில் எதற்கு என்று அவன் முகம் கேட்டது. நான் மறுபடியும் சொன்னேன். மாற்று போர்டைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான்.

அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரு சொல் புரிவதற்குள் பத்துச் சொல் ஓடிவிடும். ஆனால் சரவணன் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வதைப் படிக்க எனக்கு இங்கிலீஷ் வேண்டாம். பேச்சு நடுவில் அவர் தமிழுக்கு வந்தார். எனக்காகத்தான் வந்தார் என்று நினைக்கிறேன்.

"இதுல இருக்கிற ஐ.சி. எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும்?"

"சொல்ல முடியாது மேடம்" என்றான் சரவணன். "அதான் வேற வேற ரெண்டு கம்பெனி ஐ.சி.க்கும் எடம் விட்டிருக்கேன். எது கெடைக்குதோ அதப் போடலாம்."

"ரெண்டும் நின்னா?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் விடவில்லை. "நிக்கும் மேடம். ரெண்டும் ஒரு நாள் நிக்கும். அதுக்கு முன்னாடியே மூணாவது போர்டு இந்த மேஜை மேல இருக்கணும். செட்டு வேலை செய்யற வரைக்கும் இந்த வேலையும் முடியாது. வாங்கின அன்னிக்கே செலவு முடிஞ்சுபோச்சுன்னு எழுதறீங்களே, அங்கதான் ஆரம்பிக்குது கோளாறு."

"அந்தச் செலவ யார் குடுக்கிறது?"

"நீங்கதான். வருஷா வருஷம். தண்டமா வெச்சிருந்து குப்பைல போடறதவிட இது கம்மி."

"இப்பக் குப்பைல போட்டது நீங்க சார்" என்றார். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். கலியபெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. அவன் இன்னும் பீரோவை விட்டு நகரவில்லை.

சென்னையில் கேட்டது

சென்னையில் விசாரணைக் குழு முன்னால் நானும் மகனும் உட்கார்ந்தோம். தலைமையில் இருந்தவர் அறிக்கையைப் படித்துவிட்டு, சாமி கும்பிட்டுக் கெட்டுப்போனதாக எழுதச் சொல்கிறீர்களா, படிக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டார். சிரிக்கட்டும் என்றேன். சிரித்தால் ஞாபகம் இருக்கும். வெள்ளம் என்று எழுதினால் அடுத்த மேஜைக்குப் போவதற்குள் மறந்துவிடும்.

யார் கையால் நடந்தது என்று அங்கேயும் கேட்டார்கள். அங்கேயும் அதே பதில்தான் சொன்னேன்.

முடிவு வர ஒரு கோடை முழுவதும் ஆனது. அந்தக் கோடையில் சரவணன் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு முடிவு வந்தது. சரக்கு வைத்துக்கொள்ளும் உரிமை எங்களுக்கு இனி இல்லை. கெட்டுப்போன ஐ.சி.க்கு ஈடு நாங்கள்தான் கட்ட வேண்டும். திட்டக்குடிப் பக்கம் ஆசையாக வாங்கிப் போட்டிருந்த நிலம் அதில் போனது. போகட்டும். மேல் தட்டுச் சரக்கை இரண்டாகப் பிரித்து வெவ்வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

பட்டியலில் பெயர் இருந்தது. கண்காணிப்பில் என்று பக்கத்தில் ஒரு சொல்லோடு இருந்தது. இருந்தது, அவ்வளவுதான் வேண்டும். மாற்று போர்டைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த செட்டின் வருடாந்திரச் செலவுக் கணக்கில், நின்றுபோகிற பாகங்களுக்கு மாற்றுத் தேடுவது என்று ஒரு புது வரி சேர்ந்தது. அந்த வரி என்னால் வந்தது. சரவணன் கேட்டால் அந்த அதிகாரி அம்மாவால் வந்தது என்பான். அவன் ஒரு தொடர் எழுதினால் அதில் அப்படி எழுதிக்கொள்ளட்டும்.

குளிர்ப் பரிசோதனையில் ஒரு முறை அவன் போர்டு தோற்றது. திருத்தினான். அடுத்த முறை தேறியது.

கலியபெருமாள் வேலையை விட்டுப் போகிறேன் என்று சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கவில்லை. அந்த வருட ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை அவன் கையில்தான் கொடுத்தேன். "எதுக்கு மாமா வெக்கணும், எதுக்கு வெக்கக் கூடாது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வைத்தான். சாயங்காலமாகிவிட்டது பூஜை முடிய.

காலியான அந்தச் சரக்கு அறையில் பீரோக்களை வெளியே எடுத்துவிட்டு, சரவணனும் அவனோடு போர்டு வரைகிறவர்களும் மேஜை போட்டுக்கொண்டார்கள்.

போன மாதம் ஒரு பெரிய கம்பெனிக்காரர் என்னைத் தேடி வந்தார். அவர்களும் ராணுவத்துக்கு ஏதோ செய்கிறவர்கள். அவர்கள் வாங்குகிற ஒரு ஐ.சி.யின் உற்பத்தியும் நிற்கப்போகிறதாம், மொத்தமாக வாங்குகிறார்களாம். வெள்ளத்திலும் நனையாத குடோன் உங்களுடையது என்று கேள்விப்பட்டேன், வைத்துக்கொள்ள இடம் தருவீர்களா, நல்ல வாடகை தருகிறோம் என்றார்.

இடம் இல்லை என்றேன். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார். பாதி அறை காலியாகத்தான் இருந்தது.

"அங்க என்ன பண்றாங்க?"

"இப்ப நல்லா ஓடிக்கிட்டு இருக்கற போர்டுக்கு மாத்து வரையறாங்க" என்றேன்.